தூங்கினா எந்திரிக்காத கம்ப்யூட்டரும் கண்டன்சர் போன மோட்டாரும்

"ரொம்பப் பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

பழுதான கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டு போனால் இப்போதெல்லாம் முதலில் கிடைக்கிற பதில் இதுதான். இது ஒரு பதிலே கிடையாது என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வர்றேன்.

தோட்டத்தில் மோட்டார் ஓடலைன்னு மெக்கானிக்கைக் கூப்பிடுறோம். அவர் வந்து பார்த்துட்டு, "மோட்டார் வாங்கிப் பத்து வருசம் ஆச்சு, மாத்திருங்க" என்று மட்டும் சொல்லிட்டு வண்டியை எடுத்தா நாம விடுவோமா? "யோவ், என்ன போயிருக்குன்னு சொல்லுய்யா. கண்டன்சரா, காயிலா, பேரிங்கா?" என்று கேட்போம். அதுக்கும் முன்னாடி நாமளே பீஸ் போயிருக்கா, மூணு பேஸும் வருதா, புட்வால்வில் குப்பை அடைச்சிருக்கா என்று பார்த்திருப்போம். செலவில்லாததை முதலில் பார்க்கிறது, செலவு பிடிக்கிறதைக் கடைசியில் பார்க்கிறது. இதை எந்தக் கல்லூரியிலும் நாம படிக்கலை. தண்ணி பாய்ச்ச வேண்டிய அவசரம் சொல்லிக் கொடுத்தது.

கம்ப்யூட்டர்னு வந்தா மட்டும் நமக்கு அந்தத் தைரியம் போயிருது. பட்டணத்து நண்பர்களுக்கும் அப்படித்தான்னு நினைக்கிறேன்.

எங்க ஊருக்கு வர்ற கம்ப்யூட்டர்கள்

கிருஷ்ணன்கோவில் மதுரையில் இருந்து ராஜபாளையம் போற ரோட்டில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னாடி இருக்கிற ஊர். பொறியியல் கல்லூரி வந்து 40 வருசம் தாண்டிருச்சு. அதனால கம்ப்யூட்டர் எங்களுக்குப் புதுப் பொருள் இல்லை. ஆனா சுத்துப்பட்டுக் கிராமத்து வீடுகளில் இருக்கிற டெஸ்க்டாப்களில் பலதும் புதுசா வாங்கினது இல்லைங்க. சென்னையிலயோ பெங்களூருலயோ இருக்கிற மகன், மருமகன், சித்தப்பா மகன் லேப்டாப்புக்கு மாறினப்போ, "சும்மாதானே கிடக்குது, ஊருக்குக் கொண்டு போங்க" என்று கொடுத்து விட்டது. ஆம்னி பஸ்ஸில் ஏறி, அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும்.

வந்து இறங்கினது இங்கே சும்மா கிடக்கிறது இல்லை. சிட்டா எடுக்கிறது, பிள்ளைகளோட கல்லூரி விண்ணப்பம், தேங்காய் வெட்டுக் கணக்கு, பேத்தியோட வீடியோ கால் எல்லாம் அதில்தான். போனில் முடியாதான்னு கேப்பீங்க. எட்டுப் பக்க விண்ணப்பத்தைப் போனில் நிரப்பி, சான்றிதழை அவங்க கேட்கிற அளவுக்குச் சுருக்கி ஏத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அந்த மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வீட்டில் இருக்கு. இன்டெல் ஐ3, நாலாம் தலைமுறை, 4 ஜிபி மெமரி. போன வருசம் அதுக்கு மூணு வியாதி வந்தது. பத்து நிமிசம் எந்திரிச்சுப் போனா தூங்கிரும், திரும்ப எழுப்பினா எந்திரிக்காது. காலையில் பட்டனை மூணு நாலு தடவை அமுக்கினாத்தான் கிளம்பும். கிளம்பினாலும் தேதி பல வருசம் பின்னாடி போய் நிக்கும். எந்த அரசு இணையதளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக வரும்.

கொண்டு போன கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு வீக் ஆயிருச்சு, புதுசு போட்டா 35,000 ஆகும்" என்று சொல்லிட்டாங்க. அண்ணாச்சிக்கு அது ரெண்டு வெட்டுத் தேங்காய்ப் பணம். மதினி அப்பவே சொன்னாங்க, "வீக்குன்னா என்னன்னு கேட்டீங்களா? நம்ம ஆஸ்பத்திரியில கூட டெஸ்ட் எடுத்துட்டுத்தான் சொல்லுவாங்க."

மதினி கேட்டது சரியான கேள்வி. ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. எதுவுமே வயசு இல்லை.

தேதி பின்னாடி போறது

மதர்போர்டில் காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். பேரு சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதனால அந்த நம்பர். 3 வோல்ட் கொடுக்கும். சுவிட்சை அணைச்ச பிறகும் கடிகாரம் ஓடுறதுக்கும், அமைப்புகளைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சுக்கிறதுக்கும் அதுதான் காவல். சில வருசத்தில் சார்ஜ் இறங்கிரும். இறங்கினா ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துட்டு, தொழிற்சாலையில் வச்ச தேதிக்குப் போயிரும்.

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு 'இந்த நாளில் இருந்து இந்த நாள் வரை' என்று ஒரு காலம் உண்டு. உங்க கம்ப்யூட்டரில் தேதி 2014 என்று இருந்தா, சான்றிதழ் செல்லாதுன்னு அது நினைச்சுக்கும். இணையம் போச்சு, வைரஸ் வந்துருச்சு என்று பயப்படுற பல வீடுகளில் செத்துப் போனது இந்தச் சின்ன பேட்டரிதான். ரிமோட் செல் விக்கிற கடையிலேயே கிடைக்கும். ரெண்டு டீ, ரெண்டு வடை காசு.

காலையில் கிளம்பாதது, தூங்கினா எந்திரிக்காதது

இது ரெண்டும் ஒரே இடத்தில் இருந்து வரலாம். கம்ப்யூட்டர் தூங்கும்போது முழுசா அணையறது இல்லை. பிராசசர், டிஸ்க், விசிறி எல்லாம் நின்னுரும். நீங்க செஞ்சுகிட்டு இருந்த வேலை மட்டும் மெமரியில் இருக்கும். அந்த மெமரி மறக்காம இருக்க, பவர் சப்ளை பெட்டியில் (நாம எஸ்எம்பிஎஸ் என்று சொல்றோமே, அதில்) இருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று தனியா ஒரு லைன் வரும். ஊதாக் கலர் வயர். நீங்க பட்டனை அமுக்கும்போது அதைக் கேட்டு மத்த எல்லாத்தையும் எழுப்பி விடுறதும் இந்த லைனில் ஓடுற சுற்றுதான்.

சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்காத வரைக்கும் அந்த லைன் ராப்பகலா வேலை பார்க்குது. அதனால அதில் இருக்கிற கண்டன்சர்தான் பல பெட்டிகளில் முதலில் காயும். நம்ம மோட்டார் கண்டன்சர் போனா என்ன ஆகும்? 'ம்ம்ம்'னு உறுமும், சுத்தாது. அதே கதைதான் இங்கேயும். அதிலும் ஒரு அடையாளம் உண்டு. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது கிளம்பாமல், ஒருதடவை சூடாயிட்டா அன்னைக்கு முழுக்க ஒழுங்கா ஓடுதுன்னா, கண்டன்சர் காய்ஞ்சிருக்குன்னு சந்தேகப்படலாம். காய்ஞ்ச கண்டன்சர் குளிரில் இன்னும் மோசமா வேலை செய்யும்.

2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க இந்தக் கண்டன்சரால் லட்சக்கணக்கில் கம்ப்யூட்டர்கள் செத்தன. உள்ளே ஊத்துற ரசாயனத் திரவம் மட்டமா இருந்ததுதான் காரணம். தலை உப்பி, பழுப்பா ஒழுகி நிக்கும். அன்னைக்கும் பல பேர் "பழசாயிடுச்சு" என்றுதான் சொல்லியிருப்பாங்க. அதில் பாதி வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகாத பெட்டியா இருந்திருக்கும்!

அண்ணாச்சி வீட்டில், ஓடுற இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழட்டி மாட்டிப் பார்த்தோம். பட்டனை ஒரே தடவை அமுக்கினதும் கிளம்பிருச்சு. தூங்கினது எந்திரிச்சது. புது எஸ்எம்பிஎஸ், புது செல் ரெண்டும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிக்கும். மாத்தணும்னா பெட்டியோட மாத்துங்க.

கரண்டைச் சந்தேகப்படுங்க

பட்டணத்தில் இருக்கிறவங்களுக்கு இது அவ்வளவா தெரியாது. எங்க பக்கம் மும்முனை மின்சாரம் வந்த உடனே, ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். ஓடும்போது எடுக்கிற கரண்டைப் போல ஆறு மடங்கு வரை, கிளம்புற அந்த நொடியில் மோட்டார் எடுக்கும். வீட்டில் லைட் மங்கும், விசிறி மெதுவாகும். எஸ்எம்பிஎஸ் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு மூச்சைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். அதுக்கு மேல வோல்டேஜ் இறங்கி நின்னா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிரும்.

அதனால "தானா அணைஞ்சு தானா கிளம்புது" என்று யாராவது சொன்னா, நான் முதலில் கேக்கிறது, "எத்தனை மணிக்கு?" ஒரு வாரம் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுவேன். மும்முனை வர்ற நேரமும் அதுவும் ஒண்ணா இருந்தா கம்ப்யூட்டர் மேல குத்தம் இல்லை. யுபிஎஸ் இருக்கே என்பாங்க. அதுக்குள்ள இருக்கிற 12 வோல்ட் பேட்டரி எங்க ஊர் வெயிலுக்கு ரெண்டு மூணு வருசம் தாங்கினாப் பெரிசு. செத்த பேட்டரி உள்ள யுபிஎஸ், இல்லாத யுபிஎஸ்ஸைவிட மோசம். கோடையில் எர்த் குழி காய்ஞ்சு கிடந்தா அதுக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. ஐப்பசியில் இடி இடிச்சா சுவிட்சை அணைக்கிறது பத்தாது, பிளக்கையே பிடுங்குங்க. இன்டர்நெட் வயரையும்தான்.

அப்புறம் தூசி. ஆடிக் காத்துக்குச் செம்மண் புழுதி எல்லாம் வீட்டுக்குள்ள வந்துரும். ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கம் மில்லும் தறியும் இருக்கிறதால பஞ்சுத் தூசியும் சேரும். வருசத்துக்கு ஒருதடவை பக்கவாட்டு மூடியைக் கழட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி விட்டாலே பாதிச் சூடு குறையும். விசிறி சுத்துது, திரையில் ஒண்ணும் வரலை, 'பீப் பீப்'னு கத்துதுன்னா மெமரிக் குச்சியைக் கழட்டி, அதோட பித்தளை நிறப் பல்லை ரப்பரால் மெதுவா அழிச்சு, 'டக்'னு சத்தம் வர்ற மாதிரி திரும்பச் சொருகுங்க. செலவு பூச்சியம்.

அணைச்சாலும் அணையாத விண்டோஸ்

கம்பி, செல், தூசி எல்லாம் சரியா இருந்தும் தூக்கமும் எழுப்புறதும் தகராறு பண்ணுதுன்னா விண்டோஸைப் பாருங்க. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒண்ணு வச்சிருக்காங்க. நீங்க 'ஷட் டவுன்' கொடுத்தா அது முழுசா அணையாது. உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வச்சுட்டு, மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கும். சீக்கிரம் கிளம்பும், சரி. ஆனா நேத்து இருந்த கோளாறும் சேர்ந்து கிளம்பும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தாத்தான் உண்மையிலேயே புதுசா ஆரம்பிக்கும். பழைய பெட்டிகளில் இதை அணைச்சு வைக்கிறது நல்லது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்யணும்னு கேக்கிற இடத்துக்குப் போனா அந்த டிக் மார்க் இருக்கும்.

ராத்திரி தானா எந்திரிச்சு உக்காருற கம்ப்யூட்டருக்கும் மருந்து இருக்கு. டிவைஸ் மேனேஜரில் மவுஸ், நெட்வொர்க் கார்டு ரெண்டுக்கும் 'இது கம்ப்யூட்டரை எழுப்பலாம்' என்று ஒரு அனுமதி கொடுத்திருக்கும். அதை எடுத்து விடுங்க. மேசை மேல எலி ஓடினா கம்ப்யூட்டர் எந்திரிக்கிற வீடு எனக்குத் தெரியும். நிஜ எலிங்க!

இது எதைச் செய்யறதுக்கு முன்னாடியும், பட்டா ஸ்கேன், பிள்ளைகளோட சான்றிதழ், கல்யாணப் போட்டோ எல்லாத்தையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துருங்க. நிமிசத்துக்கு 7,200 தடவை சுத்துற டிஸ்க், 'டிக் டிக்'னு சத்தம் போட ஆரம்பிச்சா ரிப்பேர் பார்க்க நேரம் கொடுக்காது.

வயசை நிர்ணயிக்கிறது யாரு?

அண்ணாச்சி கம்ப்யூட்டர் நல்லா ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நாளில் வேற ஒரு பிரச்சினை வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திருச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேணும். இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். அதாவது 2017-க்கு முன்னாடி வந்த பெட்டிகளில் ஏறக்குறைய எதுவும் தேறாது. பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவோம்னு அறிவிச்சாங்க.

இதில் பாதுகாப்புக் காரணமே இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா இங்கே 'பழசு' என்பது இரும்பு தேய்ஞ்சதால வந்தது கிடையாது. எங்கேயோ ஒரு நிறுவனம் காலண்டரில் போட்ட கோடு. அந்தக் கோட்டைத் தாண்ட வழியும் உண்டு. லினக்ஸ் மின்ட் 4 ஜிபி மெமரியிலேயே ஓடும். சென்னையில் சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ அதிலேயே வந்தது. நம்ம பிள்ளைகள் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கலை, அது வேற கதை. டிஜிட்டல் கையெழுத்து, டேலி மாதிரி விண்டோஸை நம்பி இருக்கிற வேலைக்கு இது சரிப்படாது. இணையம், கடிதம், கணக்கு, வீடியோ கால் என்றால் தாராளமா போதும். டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி ஒண்ணு போட்டுட்டா, பெட்டி பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஓடும்.

விவசாயிக்கு இந்தக் கதை புதுசு இல்லை. அமெரிக்காவில் டிராக்டரை விவசாயியே ரிப்பேர் பார்க்க முடியாதபடி மென்பொருளால் பூட்டு போட்டதை எதிர்த்துப் பல வருசம் சண்டை. கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய இயந்திரங்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் ஜான் டியர் நிறுவனத்து மேல அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. இங்கேயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு குழு போட்டு, நாலு துறைகளை எடுத்துக்கிட்டது. அதில் விவசாயக் கருவிகளும் ஒண்ணு. அந்த வருசம் டிசம்பர் 24-ஆம் தேதி ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. சட்டம் வர்றப்ப வரட்டும். "எந்தப் பாகம் போச்சு?" என்று கேக்கிறதுக்குச் சட்டம் வேண்டியதில்லை.

சில பெட்டி நிஜமாவே செத்துரும். மதர்போர்டில் தலை உப்பின கண்டன்சர் வரிசையா நின்னா, அதுக்குச் செலவு பண்றது வீண். காயில் மூணு தடவை கட்டின மோட்டாரை நாமளும் ஒருநாள் எடைக்குத்தான் போடுறோம். ஆனா கம்ப்யூட்டரை எடைக்குப் போடும்போது அது எங்கே போகுதுன்னும் பார்க்கணும். மின்கழிவுக்குப் புது விதிகள் 2023 ஏப்ரல் 1-ல் இருந்து அமலில் இருக்கு. தயாரிச்ச நிறுவனங்களுக்கே பொறுப்பு உண்டு. ஊருக்குள்ள வர்றது என்னவோ பழைய இரும்பு வண்டிதான். பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய் இப்போ கிலோவுக்குக் காசு. வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தா அந்தப் புகை வர்றது நம்ம மூக்குக்கு, ஈயம் இறங்குறது நம்ம மண்ணுக்கு. 50 ரூபாய் செல் போட்டிருந்தா இன்னும் அஞ்சு வருசம் ஓடியிருக்கிற பெட்டியை அந்த வண்டியில் ஏத்துறதுதான் எனக்குப் பொறுக்கலை.

பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் பழைய கம்ப்யூட்டர் அனுப்பாதீங்கன்னு சொல்லலை, அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பேட்டரி செல்லை மட்டும் புதுசா போட்டு விடுங்க. உங்க கணக்கு, பாஸ்வேர்டு, போட்டோ எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுட்டுக் கொடுங்க. மூணாவது, ஒரு தாளில் உண்மையை எழுதி உள்ளே ஒட்டிருங்க: எந்த வருசம் வாங்கினது, என்னென்ன மாத்தினது, எப்போ எப்போ மக்கர் பண்ணும். 'காலையில் ரெண்டு தடவை அமுக்கணும்' என்று நீங்க எழுதுற அந்த ஒரு வரியைப் பார்த்தே, இங்கே இருக்கிற ஒரு பையன் எஸ்எம்பிஎஸ்தான்னு கண்டுபிடிச்சிருவான். எங்க அண்ணாச்சிக்கு ரெண்டு வெட்டுத் தேங்காய் மிச்சமாகும்.